நிறுத்தச் சொன்ன ஐந்து இடங்கள்

கம்பெனி பஸ் எங்களை ஓசூரைத் தாண்டி ஜூஜுவாடியில் இறக்கிவிட்டுப் போனது. மாம்பழக் காலம். வேப்பனப்பள்ளியில் அப்பா பார்த்துக்கொள்ளும் நாலைந்து மரத்துச் செந்தூராவை அன்று காலை ஒரு பை நிறைய வேலைக்குத் தூக்கிப்போயிருந்தேன். ஷிப்டு முடிந்ததும் லாக்கர் ரூமில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். கடைசி இரண்டை மட்டும் தில்ஷாத் அக்காவுக்கென்று ஒளித்து வைத்திருந்தேன்.

தில்ஷாத் அக்கா அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவு. எனக்குப் பக்கத்து வீடு, பஸ்ஸிலும் பக்கத்து சீட்டு.

"எடுடி சீக்கிரம். பையனை ஸ்கூல்லருந்து கூட்டினு வரணும்."

பைக்குள் கையை விட்டேன். பழம் வரவேண்டிய இடத்தில் ஒரு சாவி வந்தது.

சின்னச் சாவி. சிவப்பு பிளாஸ்டிக் தலை. அதில் வெள்ளைப் பெயிண்டில் என் டோக்கன் நம்பர். மாம்பழப் பால் பட்டுப் பிசுபிசுவென்று இருந்தது. அதைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

"என்னா, தலையில பல்லி விழுந்தவ மாதிரி நிக்கற?"

"அக்கா, மூணாம் நம்பர் பிரஸ்ஸைப் பூட்டிட்டு வந்துட்டேன்."

அக்கா ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் புர்காவின் முனையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நான் அழுகிற நிலைமையில் நிற்கிறேன், அவர் டீக்கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

பூட்டு புராணம்

இந்தப் பூட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரஸ் என்பது இரும்புத் தகட்டை ஒரே அடியில் வண்டியின் பாகமாக மாற்றும் மெஷின். வீட்டு உயரம் இருக்கும். மேலிருந்து இறங்கும் அந்த எடைக்குக் கையும் ஒன்றுதான், தகடும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் அச்சை மாற்றிப் பொருத்துவது என் வேலை. எங்கள் பிரிவில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் நான். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அச்சுக்குள் கையை விடும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் அவரவர் சொந்தப் பூட்டை மாட்ட வேண்டும். ஐந்து பேர் உள்ளே போனால் ஐந்து பூட்டு. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கும்: "ஆபத்து. நான் உள்ளே வேலை செய்கிறேன்." பக்கத்தில் நம் போட்டோ. என் போட்டோவில் ஒரு கண் பாதி மூடியிருக்கும். மாற்றித் தாருங்கள் என்று எத்தனையோ முறை கேட்டும் மாற்றவில்லை.

பூட்டுக்கு ஒரே சாவி. நகல் கிடையாது. என் பூட்டை நான்தான் திறக்க வேண்டும். மேனேஜர் வந்தாலும், முதலாளியே வந்தாலும், தொடக்கூடாது. போனில் "உடைச்சுக்கோங்க" என்று நான் சொன்னாலும் செல்லாது. பேசுவது நான்தானா என்று பூட்டுக்கு எப்படித் தெரியும்?

அந்தச் சிவப்புப் பூட்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதை மாட்டிவிட்டு அச்சுக்குள் தலையை நுழைத்து மணிக்கணக்கில் நிம்மதியாக வேலை செய்வேன். என்னைக் கேட்காமல் யாரும் எதையும் ஓட்ட முடியாது என்கிற ஏற்பாடு, என் வாழ்க்கையில் வேறெங்கும் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

அன்று ஷிப்டு முடியும் நேரத்தில் ஒரு தகட்டுத் துண்டு உள்ளே சிக்கியது. பூட்டை மாட்டி, துண்டை எடுத்து, எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன். பூட்டைக் கழற்றுவதற்குள் யாரோ "மாம்பழம் எங்கே?" என்றார்கள். சாவியும் கையுமாக ஓடிவிட்டேன்.

ஒரு வாசகி கேட்டது

இந்தத் தொடரின் சென்ற வாரத்துப் பகுதியைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார். பர்கூர்ப் பக்கம் போலிருக்கிறது. "கேஸ், கோர்ட், எல்லாம் எழுதிட்டீங்க. அப்புறம் எப்படி ஒரு ஆம்பளைய நம்பினீங்க? அதை எழுதுங்க. எனக்கு அவசரமாகத் தெரியணும்" என்று. அவசரம் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். அதனால்தான் வரிசையாக எழுதிக்கொண்டு வந்ததை விட்டு, இந்த வாரம் பூட்டுக்குத் தாவினேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு சுருக்கம். அப்போது எனக்கு இருபது வயதிருக்கும். முதல் வேலை, வேறொரு கம்பெனி. ஒரு நாள் பஸ் தவறிவிட்டது. அங்கே வேலை பார்த்த ஒருவன், நான் அண்ணா என்று கூப்பிட்டவன், வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். ஏறினேன். நான் நிறுத்தச் சொன்ன இடத்தில் வண்டி நிற்கவில்லை.

நடந்தது பாலியல் வன்கொடுமை. அதை வேறு பெயர் சொல்லி மென்மையாக்க எனக்கு இஷ்டமில்லை. அம்மாவும் நானும் புகார் கொடுத்தோம். வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. அவன் உள்ளே போனான்.

அவன் உள்ளே போனதும் நான் வெளியே வந்துவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். நான் அப்புறமும் ஏழெட்டு வருஷம் எந்த ஆணின் வண்டியிலும் ஏறவில்லை. தனியாக ஆட்டோ ஏறவில்லை. மாப்பிள்ளை பார்க்கலாமா என்று அம்மா பேச்சை எடுத்தால் பாத்திரம் விளக்கப் போய்விடுவேன். எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் அந்த நாளில் பளபளவென்று இருந்தது.

அண்ணா என்ற சொல்லையும் விட்டுவிட்டேன். ஓசூரில் அது இல்லாமல் பிழைப்பது கஷ்டம். கண்டக்டர் அண்ணா, காய்காரர் அண்ணா, பக்கத்து வீட்டு அண்ணா. நான் எல்லோரையும் சார் என்றேன். காய்காரருக்கு அதில் ஒரே சந்தோஷம். சார் என்று கூப்பிட்டதற்காகத் தக்காளியைப் பொறுக்கிப் பொறுக்கிப் போடுவார்.

தரையில் ஓர் ஒளிவட்டம்

முனிராஜ் எங்கள் கம்பெனியின் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். அத்திப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களோடு தமிழ். மூன்றிலும் குறைவாகப் பேசுவார்.

பிரஸ் ஷாப்பில் காதில் பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்துக்கொண்டுதான் வேலை. கூப்பிட்டால் கேட்காது. அதனால் யாருக்கு யாரிடம் பேச வேண்டுமென்றாலும் பின்னால் வந்து தோளில் தட்டுவார்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என் தோளைத் தட்டினார்.

என் கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. திரும்பினேன் என்பது ஞாபகம் இருக்கிறது. அடித்தது ஞாபகமில்லை. அவருடைய முழங்கைக்குக் கீழே சுரைக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

முதலுதவி அறையில் என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார்கள். தூணில் இடித்துக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதனால் அந்த மாதம் முழுக்க எங்கள் ஷாப்பில் தூண்களுக்கெல்லாம் மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள்.

மறுநாள் நான் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது என் காலுக்கு முன்னால் தரையில் ஒரு சின்ன ஒளிவட்டம் வந்தது. இரண்டு முறை சுற்றியது. நிமிர்ந்து பார்த்தேன். பத்தடி தள்ளி முனிராஜ் கையில் டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தார்.

காதிலிருந்ததை எடுத்தேன். "என்னாது இது?"

"பின்னாடி வந்தா உங்களுக்கு ஆவாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதான்."

"எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

"கை இன்னும் வலிக்குதுங்க. அப்பறமா கேக்கறேன்."

சிரித்துவிட்டேன். அப்புறமும் அவர் கேட்கவில்லை. தினமும் அந்த வெளிச்சம் மட்டும் வரும், இரண்டு முறை சுற்றும், நிற்கும். ஒரு மாதத்தில் லைன் முழுக்க அந்தப் பழக்கம் வந்துவிட்டது. சூப்பர்வைசர் சீனிவாசன் சார்கூட ஒரு டார்ச் வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார். எல்லோரும் மின்னிக்கொண்டிருந்தார்கள். ஆனால் முனிராஜின் வட்டம் எது என்று எனக்குப் பார்க்காமலே தெரிய ஆரம்பித்தது. அது தெரிகிறதே என்று ஒரு பயமும் வந்தது. பயம் வந்தால் பாத்திரம் விளக்க வேண்டும், கம்பெனியில் பாத்திரமில்லை. ஸ்பேனர்களைத் துடைத்து வைத்தேன்.

பதினொரு மிஸ்டு கால்

இப்போது டீக்கடைக்கு வருவோம்.

ஷிப்டுக்காகச் சத்தத்தை அணைத்து வைத்திருந்த போனை எடுத்துப் பார்த்தேன். பதினொரு மிஸ்டு கால். சீனிவாசன் சார் ஆறு, முனிராஜ் ஐந்து. முனிராஜுக்குக் கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தார்.

"எங்க இருக்கீங்க?"

"ஜூஜுவாடில. சாவி எங்கிட்டதான்..."

"சாவி கெடக்கட்டும். நீங்க நல்லா இருக்கீங்களா? வெளியதான இருக்கீங்க?"

"வெளியதான்."

மறுமுனையில் அவர் மூச்சு விடுவது கேட்டது. "அங்கயே இருங்க. பாதி வழி வந்துட்டேன். பஸ் டிரைவரைக் கேட்டேன், நீங்க ஏறுன ஞாபகம் இல்லன்னாரு. அதான் நேர்லயே பாத்துர்லாம்னு."

கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். சட்டை, பேன்ட், காது மடல் எல்லாம் கிரீஸ். எங்கே போய் விழுந்தீர்கள் என்று தில்ஷாத் அக்கா கேட்டார். அவர் என்னைத் தலை முதல் கால் வரை ஒரு முறை பார்த்தார். கைகளை எண்ணுவதுபோல் இருந்தது.

"பூட்டை வெட்டறதுக்கு சார் கட்டரைக் கொண்டாந்துட்டாரு," என்றார். "உங்க பூட்டு, நீங்கதான் தொறக்கணும்னு சொல்லிட்டு வந்திருக்கேன். ஒரு மணி நேரம் டைம் குடுத்திருக்காரு."

கம்பெனி ஓசூருக்கு அந்தப் பக்கம், பேரண்டப்பள்ளியையும் தாண்டி. பஸ்ஸில் போனால் ஓசூரில் மாறி, ஒன்றரை மணி நேரம். ஆட்டோ என்றால் தில்ஷாத் அக்கா கூட வர வேண்டும், அக்காவின் பையன் ஸ்கூல் வாசலில் நிற்பான். முனிராஜ் ஒரு நொடி யோசித்துவிட்டு வண்டிச் சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீங்க எடுத்துட்டுப் போங்க. நான் பஸ் புடிச்சு வந்துக்கறேன்."

"எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது."

அவர் முகம் விழுந்துவிட்டது. என் பிரச்சினை என்னவென்று அவருக்குத் தெரியாது. பிரச்சினை ஒன்று இருக்கிறது என்று மட்டும் தெரியும். அதைக் கேட்காமலே அதைச் சுற்றி வழி தேடிக்கொண்டிருந்தார். அந்த மனுஷனை அப்போது எனக்குப் பிடித்தது. ரொம்பப் பிடித்தது. அந்த வண்டியின் பின் சீட்டைப் பார்த்தபோது கால் தானாக ஓரடி பின்வாங்கியதும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே உடம்பில் நடந்தன.

"ஒண்ணு கேக்கறேன்," என்றேன். "நான் நிறுத்துங்கன்னா நிறுத்துவீங்களா?"

"நிறுத்துவேன்."

"எங்க சொன்னாலும்?"

"எங்க சொன்னாலும்."

"எதுக்குன்னு கேக்கக் கூடாது."

"நான் எப்பங்க கேட்டிருக்கேன்?"

தில்ஷாத் அக்கா போனை எடுத்தார். "தம்பி, தப்பா நெனக்காத. வண்டி நம்பரை போட்டோ எடுத்துக்கறேன். உன்னையும் ஒண்ணு. அரை மணி நேரத்துல இவ எனக்குப் போன் பண்ணணும், இல்லாட்டி போலீஸ் ஸ்டேஷன்லதான் நான் இருப்பேன்."

"எடுங்கக்கா," என்று முனிராஜ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, முடியைச் சரிசெய்து, வண்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். கிரீஸ் இன்னும் நன்றாகப் பரவியது. அந்த போட்டோ இன்றும் எங்களிடம் இருக்கிறது.

ஒன்று, இரண்டு, மூன்று

அவர் தன் ஹெல்மெட்டைக் கொடுத்தார், மாட்டிக்கொண்டு ஏறினேன். செக்போஸ்ட்டைத் தாண்டி நூறடி போயிருக்காது. "நிறுத்துங்க" என்றேன்.

நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். பத்து வரை எண்ணினேன்.

"போலாம்," என்றேன். போனோம்.

இரண்டாவது முறை, தர்கா பக்கத்தில். பின்னால் ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டது. அவர் கையைக் காட்டிக்கொண்டே ஓரம் கட்டினார். பெங்களூருக்கு ரோஜா ஏற்றிக்கொண்டு போகிற டெம்போ ஒன்று பக்கத்தில் நின்றிருந்தது. அந்த வாசனையில் சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சீனிவாசன் சார் அவரைப் போனில் கூப்பிட்டார். "வந்துனே இருக்கோம் சார்," என்றார் முனிராஜ். நின்றுகொண்டு.

மூன்றாவது முறை, மேம்பாலத்தின் ஏற்றத்தில். அது நிறுத்துகிற இடமே இல்லை. தெரிந்தேதான் சொன்னேன். இங்கே நிறுத்துகிறானா பார்க்கலாம் என்கிற கெட்ட புத்தி. இண்டிகேட்டரைப் போட்டுச் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டார். ஒரு லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கன்னடத்தில் ஏதோ கத்தினார். இவரும் கன்னடத்தில் பதில் சொன்னார்.

"என்னா கேட்டாரு?"

"வண்டி கெட்டுப்போச்சான்னு கேட்டாரு. ஆமான்னேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு "போலாம்" என்றேன்.

நான்கு

நான்காவதில் சிரிக்க ஒன்றுமில்லை.

ஓசூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் நெரிசல். நேரம் ஆகிறதே என்று அவர் வண்டியை ஒரு சந்துக்குள் திருப்பினார். சந்து ஒரு மண் பாதையில் போய்ச் சேர்ந்தது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஆள் இல்லை.

நான் சத்தம் போட்டது எனக்கே கேட்கவில்லை. தொண்டை எரிந்ததை வைத்துத்தான் கத்தியிருக்கிறேன் என்று தெரிந்தது. வண்டி மண்ணில் சறுக்கி நின்றது. நான் குதித்து இறங்கி ஓடி, சந்தின் முனையில், ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் போய் நின்றேன்.

அவர் பின்னால் ஓடி வரவில்லை. வண்டியை அணைத்து, திருப்பி, தள்ளிக்கொண்டே வந்தார். என்னைத் தாண்டி, எனக்கு எதிரே, நான் பார்க்கும்படி நின்றார்.

"என் தப்பு," என்றார். "கேட்டுட்டுத் திருப்பிருக்கணும். மெயின் ரோட்லயே போலாமா? இல்ல, இங்கருந்து பஸ்ஸுல போறீங்களா? லேட்டானா பரவால்ல."

கடைக்காரர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். இப்போது விட்டால் இனி எப்போதும் ஏற மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. ஏறித்தான் ஆக வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. வருஷக்கணக்காக எனக்கு ஆலோசனை சொன்ன டாக்டரம்மா, "உன் வேகம், உன் இஷ்டம்" என்பார். அந்த ஜெராக்ஸ் கடை வாசலில்தான் அது எனக்கு முழுசாக விளங்கியது.

"மெயின் ரோட்ல," என்றேன்.

ஐந்து

பேரண்டப்பள்ளிக் காட்டோரம் ஒரு பலகை இருக்கும். யானைகள் கடக்கும் இடம், வேகம் குறைக்கவும். அதற்கு நேராகச் சொன்னேன். "நிறுத்துங்க."

நின்றது. "யானை வர்ற எடங்க," என்றார். "சும்மா தகவலுக்கு."

இறங்கி அவர் முன்னால் வந்து நின்றேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"முந்தி ஒருத்தன் வண்டியில ஏறினேன். நான் சொன்ன எடத்துல அவன் நிறுத்தல."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் முகத்தில் அது மெதுவாக இறங்கியது. கண் சிவந்தது. ஐயோ பாவம் என்று ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்திருந்தது.

அவர் எஞ்சினை அணைத்தார். "இன்னும் எத்தனை எடத்துல நிறுத்தணுமோ சொல்லுங்க," என்றார். "லைன் நின்னா நிக்கட்டும்."

போன் அடித்தது. சீனிவாசன் சார். முனிராஜ் கட் செய்து பாக்கெட்டில் போட்டார். திரும்ப அடித்தது. திரும்பக் கட் செய்தார். சூப்பர்வைசர் போனைக் கட் செய்கிற ஃபிட்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. யானைப் பலகைக்குக் கீழே நின்று இரண்டையும் ஒன்றாகச் செய்தேன்.

"போலாம்," என்றேன். அதற்கப்புறம் கம்பெனி வரைக்கும் நிறுத்தச் சொல்லவில்லை.

இரண்டு பூட்டு

மூன்றாம் நம்பர் பிரஸ்ஸைச் சுற்றி இரண்டாம் ஷிப்டு மொத்தமும் நின்றிருந்தது. கட்டரைக் கையில் பிடித்தபடி சீனிவாசன் சார்.

மெயின் சுவிட்சில் ஒற்றைக்கண் மூடிய என் போட்டோ தொங்கியது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பூட்டு. அட்டையில் முனிராஜ்.

"இது எதுக்கு?" என்றேன்.

சீனிவாசன் சார்தான் பதில் சொன்னார். "எதுக்கா? உன் பூட்டு தொங்குது, உன்னைக் காணோம், போன் எடுக்கல. உள்ளதான் எங்கயோ மாட்டிக்கிட்டன்னு இந்த ஆளு தன் பூட்டையும் போட்டுட்டு, பிரஸ்ஸுக்குக் கீழ இருக்கற குழிக்குள்ள எறங்கி, படுத்துனே போயி உன் பேரைச் சொல்லிக் கூப்ட்டுனு இருந்தாரும்மா. கால் மணி நேரம். வெளிய வந்தப்ப ஆளு அடையாளமே தெரியல."

அந்தக் கிரீஸ் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது.

என் சாவியைப் போட்டேன். மாம்பழப் பால் ஒட்டி, இரண்டு முறை திருப்ப வேண்டியிருந்தது. என் பூட்டு திறந்தது. அப்புறம் அவர் தன்னுடையதைத் திறந்தார். பிரஸ் உறுமிக்கொண்டு எழுந்தது. இரண்டாம் ஷிப்டு கை தட்டியது.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. மறுநாள் காலைக் கூட்டத்தில் பூட்டின் முக்கியத்துவம் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றும், அடுத்த வாரம் லைன் முழுவதற்கும் மாம்பழம் கொண்டுவர வேண்டும் என்றும் தீர்ப்பானது. இரண்டாவது தண்டனை கடிதத்தில் இல்லை. தில்ஷாத் அக்காவுக்கு நான் போன் செய்ய மறந்துவிட்டதால் அவர் நிஜமாகவே ஸ்டேஷன் வாசல் வரை போய்விட்டார் என்பது தனிக் கதை.

மறுநாள்

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் பஸ்ஸில் ஏறாமல் அவர் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார். புதுசு. ஸ்டிக்கர்கூடப் பிரிக்கவில்லை.

யானைப் பலகை வந்தது. வண்டி நின்றது.

"என்னாச்சு? நான் ஒண்ணும் சொல்லலையே."

"நேத்து நிறுத்தச் சொன்ன எடம். கேட்டுட்டுப் போலாம்னு."

"போலாம்."

அந்தச் சந்தின் முனையில் நின்றது. போலாம். மேம்பாலத்தில் நின்றது. போலாம். தர்காவில் நின்றது. போலாம். செக்போஸ்ட்டுக்கு முன்னால் நின்றது. ஐந்தாவது போலாமைச் சொல்லும்போது சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. ஜூஜுவாடி டீக்கடையில் தில்ஷாத் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"பஸ்ஸே வந்து அரை மணி நேரமாச்சு. நீங்க என்னா, வண்டியைத் தள்ளிக்கினா வந்தீங்க?"

எங்கள் கல்யாணத்துக்கு அதிலிருந்து இன்னும் இரண்டு வருஷம் பிடித்தது. நடுவில் எல்லாம் நேராகப் போகவில்லை. ஒரு முறை அவர் கையைத் தட்டிவிட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். ஒரு முறை கல்யாணமே வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். அவர் சரியென்று மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து நானே போய் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கேட்டேன். அதெல்லாம் வேறு பகுதிகளுக்கு உரியவை.

பர்கூர் வாசகியே, எப்படி நம்பினேன் என்று கேட்டீர்கள். ஒரே நாளில் நம்பவில்லை. ஐந்து முறை நிறுத்திப் பார்த்தேன், அதற்கு மேலும் பார்த்தேன். நீங்களும் எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுத்துங்கள். அவசரமே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் திரும்பிக்கொண்டிருந்தோம். மத்தியானம், வயிறு நிறையப் பிரியாணி, காற்று. நான் கண் விழித்தபோது வண்டி நின்றுகொண்டிருந்தது. என் ஹெல்மெட் அவர் முதுகில் சாய்ந்திருந்தது. அவர் இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றி, அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யானைப் பலகை.

"எத்தனை நேரமா நிக்கறோம்?"

"இருக்கும், ஒரு பத்து நிமிஷம். காலு மரத்துப்போச்சு."

ஒரு ஆணின் முதுகில் தலை சாய்த்து, வண்டியில், நான் தூங்கிப்போயிருக்கிறேன். அது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"எழுப்பக் கூடாதா? இல்ல, அப்படியே ஓட்டினு போயிருக்கலாம்ல?"

"போலாமான்னு கேட்டேன்," என்றார். "நீ பதில் சொல்லல. அப்பறம் எப்படி எடுக்கறது?"

நான் அவர் முதுகில் ஹெல்மெட்டால் லேசாக ஒரு முட்டு முட்டினேன்.

"போலாம்," என்றேன்.